உறைமோர்

பெங்குவினும் காபிக்கோப்பையும் – வரலாற்றுத் தொடர் – பகுதி 9

2006 மே மாதம், சான் பிரான்சிஸ்கோ. ஜாவாஒன் மாநாட்டு மேடை. சன் மைக்ரோசிஸ்டம்ஸின் மென்பொருள் பிரிவுத் தலைவர் ரிச் கிரீன் பேசிக்கொண்டிருக்கிறார். அரங்கில் இருந்த எல்லோர் மனதிலும் ஒரே கேள்விதான். ஜாவாவின் மூலநிரலைத் திறந்துவிடுவார்களா, மாட்டார்களா? திறப்பதா வேண்டாமா என்பதல்ல இனி, எப்படித் திறப்பது என்பதுதான் கேள்வி என்று அவர் சொன்னதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

ஆறு மாதம் கழித்து அந்த நாள் வந்தது. நவம்பர் 13, திங்கட்கிழமை. ஜாவா நிரல்களை ஓட்டும் எந்திரமான ஹாட்ஸ்பாட், நாம் எழுதுவதை அந்த எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித்தரும் ஜாவாசி என்ற கம்பைலர், இந்த இரண்டின் மூலநிரலையும் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் சன் வெளியிட்டது. லினக்ஸ் கெர்னல் வருவதும் அதே உரிமத்தில்தான். 1995-இல் ஜாவா அறிமுகமானதிலிருந்து பதினோரு ஆண்டுகளாகப் பூட்டியிருந்த வீடு அது. 2004-இல் 'ஜாவா பொறி' என்று கட்டுரை எழுதி, அதில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று நிரலாளர்களை எச்சரித்த ரிச்சர்ட் ஸ்டால்மனே வீடியோவில் தோன்றி சன்னைப் பாராட்டினார். மீதமுள்ள வகுப்பு நூலகங்களும் அடுத்த ஆண்டின் முதல் பாதிக்குள் வரும் என்று அறிவித்தார்கள்.

லினக்ஸ் உலகத்துக்கு அது திருவிழா நாள். ஆனால் அந்தத் திருவிழாவின் நடுவே ஒரு சிறு கூட்டத்தைப் பற்றி என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. க்னூ கிளாஸ்பாத் என்ற பெயரிலும் ஜிசிஜே என்ற பெயரிலும் ஜாவாவைத் தங்கள் கையாலேயே புதிதாக எழுதிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பத்தாண்டு காலம் கல் உடைத்து ரோடு போட்டவர்களின் கண்ணெதிரே, பக்கத்திலேயே ஒரு நெடுஞ்சாலையைத் திறந்துவிட்டால் அந்தப் பத்தாண்டு என்ன ஆகும்?

இந்த வாரக் கதை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

✻

முதலில் அவர்கள் செய்த வேலை என்ன என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம்.

ஒரு மொழியை இயங்குதளத்துக்குக் கொண்டுவருவது என்றால் கம்பைலரை மட்டும் கொண்டுவருவது அல்ல. அது வெறும் அடுப்பு. பாத்திரம், பண்டம், அஞ்சறைப்பெட்டி எல்லாம் வேண்டும். எழுத்துத் தொடரை வெட்டுவது, தேதியைக் கணக்கிடுவது, கோப்பைத் திறப்பது, வலையில் இருந்து படிப்பது, திரையில் ஜன்னல் வரைவது என்று ஜாவாவில் எழுதுகிறவர் நிமிடத்துக்கு ஒருமுறை கைநீட்டி எடுக்கும் பொருள்கள் அத்தனையும் வகுப்பு நூலகத்தில் இருக்கின்றன. ஜாவாவைப் பொறுத்தவரை அந்த நூலகம்தான் மலை. கம்பைலர் அதன் அடிவாரத்தில் ஒரு குன்று.

அந்த மலையைக் கட்டற்ற மென்பொருளாக எழுதுவதற்காக 1998-இல் தொடங்கியது க்னூ கிளாஸ்பாத். இன்னொரு பக்கம், சிக்னஸ் சொலூஷன்ஸ் நிறுவனத்தில் பெர் பாத்னர் தொடங்கிவைத்த ஜிசிஜே வளர்ந்துகொண்டிருந்தது. ஜாவா நிரலை நேராக எந்திர மொழிக்கே மாற்றிவிடும் கம்பைலர் அது. சிக்னஸை லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் வாங்கிய பிறகும் வேலை நிற்கவில்லை. 2001-இல் ஜிசிசி என்ற கட்டற்ற கம்பைலர் தொகுப்பின் 3.0 பதிப்பு வெளியானபோது ஜிசிஜே-வின் நூலகமும் அதோடு சேர்ந்தே வந்தது. போகப்போக இரண்டு குழுவும் ஒரே நூலகத்தை எழுதத் தொடங்கின. கிளாஸ்பாத்தை மார்க் வீலார்ட் பராமரித்தார். ஜிசிஜே பக்கம் டாம் டிரோமி.

அவர்களுக்கு ஒரு விரதம் இருந்தது. சன்னின் மூலநிரலைப் பார்த்தவர் யாரும் இதற்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது. பார்த்த நினைவில் எழுதினால் நாளைக்குப் பதிப்புரிமை வழக்கில் போய் நிற்க வேண்டியிருக்கும். இதில் கொடுமை என்னவென்றால், சன் தந்த ஜேடிகே என்ற ஜாவா நிரலாக்கத் தொகுப்பை யார் இறக்கிக்கொண்டாலும் நூலகத்தின் மூலநிரல் ஒரு ஜிப் கோப்பாக அதற்குள்ளேயே இருக்கும். படிக்கலாம். எடுத்து ஆளத்தான் உரிமை இல்லை. விடைத்தாள் மேசைமேல் கிடக்கிறது, அதைத் திறக்காமல் கணக்கைப் போட வேண்டும் என்ற நிலை. அச்சில் வந்த விளக்க நூல்களையும் வெளியிடப்பட்ட விதிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, இந்தச் செயற்கூற்றுக்கு இந்த எண்ணைக் கொடுத்தால் சன்னின் ஜாவா என்ன திருப்பித் தரும் என்று ஓட்டிப் பார்த்து, அதேபோல் நடக்கும் இன்னொன்றை எழுதினார்கள். ஆயிரக்கணக்கான வகுப்புகளுக்கு இப்படி.

அந்த நாள்களில் என் கணினியில் நடந்ததைச் சொல்கிறேன். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் நிறுவியிருந்தேன். முனையத்தில் 'ஜாவா' என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வரும். கட்டற்ற ஜாவா ஒன்றைத் தேடிப்பிடித்து நிறுவினேன். கூட்டல் கழித்தல் போடும் சின்ன நிரல் ஓடியது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம்! அடுத்து, நண்பர் எழுதித் தந்த கடைக் கணக்கு நிரல். அது திரையில் ஒரு ஜன்னலைத் திறக்க வேண்டும். பாதி ஜன்னல் வந்தது. பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அதற்குக் கீழே, இன்ன வகுப்பில் இன்ன செயற்கூறு இன்னும் எழுதப்படவில்லை என்று முனையத்தில் நாற்பது ஐம்பது வரிகள். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் இரவில் உட்கார்ந்து எழுதியாக வேண்டிய பாக்கி வேலை என்று எனக்கு உறைக்க வருஷங்கள் ஆயின.

அவர்கள் எழுதி முடித்துக்கொண்டே வந்தார்கள். எக்லிப்ஸ் என்ற பெரிய நிரலாக்கக் கருவியை ஜிசிஜே-யால் கம்பைல் செய்து, 2005 ஜூனில் வந்த ஃபெடோரா கோர் 4 என்ற லினக்ஸ் வெளியீட்டில் சேர்த்தார்கள். சன்னிடமிருந்து ஒரு பைட்கூட வாங்காமல், முழுக்கக் கட்டற்ற கருவிகளால் ஓடிய எக்லிப்ஸ் அது. மலையின் முக்கால் பாகம் ஏறியாயிற்று.

அப்போதுதான் நெடுஞ்சாலை திறந்தது.

✻

2007 மே 8. சொன்ன சொல்லைச் சன் காப்பாற்றியது. வகுப்பு நூலகத்தின் பெரும்பகுதி ஓப்பன்ஜேடிகே என்ற பெயரில் வெளிவந்தது. அந்தக் கோப்புகளில் ஏதேனும் ஒன்றைத் திறந்து மேலே உள்ள உரிமக் குறிப்பைப் படித்தால் ஒரு சொல் கண்ணில் படும். 'கிளாஸ்பாத் விதிவிலக்கு.' ஜிபிஎல் நூலகத்தோடு இணைந்து ஓடும் மற்ற நிரல்களும் ஜிபிஎல்-இல்தான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்த, க்னூ கிளாஸ்பாத்காரர்கள் தங்கள் நூலகத்துக்காக வகுத்துவைத்த சலுகை அது. சன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. பெயரோடு. ஒரு வரிகூடப் பார்க்கக் கூடாது என்று அவர்கள் விலகி நின்ற அதே நூலகத்தின் கோப்புகளில் அவர்களுடைய திட்டத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் நெகிழவைத்த இடம் இதுதான்.

மே 8 அன்று இரவே இறக்கிக்கொண்டு கட்டிப் பார்க்க முயன்றவர்கள் இரண்டு சுவர்களில் முட்டினார்கள்.

முதல் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. நிரலில் ஏறத்தாழ 4 சதவீதத்தைச் சன்னால் திறக்க முடியவில்லை. அது சன்னுக்குச் சொந்தமே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறு நிறுவனங்களிடம் உரிமம் வாங்கிச் சேர்த்த பகுதிகள். எழுத்துருக்களைத் திரையில் வரைவது, நிறங்களைச் சரிசெய்வது, ஒலியை இசைப்பது போன்றவை. அவற்றுக்குப் பதிலாக, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாத பைனரி அடைப்பான்களைச் சன் கொடுத்தது. வீட்டைத் திறந்து கொடுத்துவிட்டு நான்கு அறைகளின் சாவி மட்டும் வேறொருவரிடம் இருப்பது போல. நான்கு சதவீதம்தானே என்று தோன்றும். எழுத்தை வரைய முடியாத ஜாவாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரண்டாவது சுவர் ஆழமானது. அது முதல் பார்வையில் சுவராகவே தெரியாது.

✻

தயிர் வேண்டுமென்றால் பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் ஒரு கரண்டி உறைமோர் ஊற்ற வேண்டும். அந்த உறைமோர் எங்கிருந்து வந்தது? நேற்றைய தயிரிலிருந்து. நேற்றைய தயிர்? அதற்கு முந்தைய நாள் தயிரிலிருந்து. வீட்டில் தயிர் தீர்ந்துபோனால், எத்தனை படி பால் இருந்தாலும், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஜாவாசி கம்பைலர் எந்த மொழியில் எழுதப்பட்டது தெரியுமா? ஜாவாவில். ஜாவாவைக் கம்பைல் செய்ய ஜாவாசி வேண்டும். ஜாவாசியைக் கம்பைல் செய்ய ஜாவா வேண்டும். ஓப்பன்ஜேடிகே-யைக் கட்டுவதற்கான குறிப்பிலேயே இது வெளிப்படையாக இருந்தது: கட்டத் தொடங்கும் முன், ஏற்கெனவே வெளியான ஜேடிகே 6 ஒன்று உங்கள் கணினியில் இருக்க வேண்டும். அதாவது சன்னின் பழைய, பூட்டிய ஜாவா. பாலைத் தாராளமாகக் கொடுத்துவிட்டார்கள். உறைமோர் இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருந்தது.

இருந்தால் என்ன, ஒரு கரண்டி வாங்கிக்கொண்டால் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். லினக்ஸ் வெளியீடுகளான டெபியனும் ஃபெடோராவும் ஒப்புக்கொள்ளாது. டெபியனின் முதன்மைத் தொகுப்பில் இடம்பெறும் எதையும் அந்தத் தொகுப்புக்குள் இருக்கும் கருவிகளை மட்டும் கொண்டே மூலநிரலிலிருந்து கட்ட முடிய வேண்டும். ஃபெடோராவின் எண்ணமும் அதுதான். முந்தைய ஆண்டே சன் ஒரு சலுகை உரிமம் கொடுத்து, தன்னுடைய ஜேடிகே-யை லினக்ஸ் வெளியீடுகள் விநியோகிக்கலாம் என்று அனுமதித்திருந்தது. டெபியன் அதை ஏற்றுத் தன் கட்டற்றதல்லாத பிரிவில்தான் வைத்தது. வாசல் திண்ணையில் இடம், வீட்டுக்குள் இல்லை.

இது வீம்பு அல்ல. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சன், 1984-இல் வெளியான தம் டூரிங் விருது உரையில் இதைக் காட்டியிருக்கிறார். ஒரு கம்பைலருக்குள் கள்ளத்தனமான ஒரு துண்டை நுழைத்து, அந்தக் கம்பைலரைக் கொண்டே அடுத்த கம்பைலரைக் கட்டினால், மூலநிரலில் அந்தத் துண்டின் சுவடே இல்லாமல் அழித்துவிட்டாலும் அது தலைமுறை தலைமுறையாகத் தொடரும். மூலநிரலை வரிவரியாகப் படித்தும் கண்டுபிடிக்க முடியாது. உறைமோரில் இருக்கும் வாசனை அடுத்த பானைக்கும் அதற்கடுத்த பானைக்கும் போவது போலத்தான். மூலநிரல் கையில் இருப்பது பாதி விடுதலை. அதை வேறு யாரையும் நம்பாமல் நம் கணினியிலேயே கட்ட முடிவதுதான் மீதிப் பாதி.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு கட்டற்ற இயங்குதளத்துக்காரர்கள் இந்த வேதனையை ஏற்கெனவே அனுபவித்தவர்கள். அவர்களுக்குச் சன் நேரடியாக ஜாவா வெளியிடவில்லை. ஜாவா வேண்டுமென்றால் உரிமத்தை ஏற்று, மூலநிரலைக் கையால் இறக்கி, தன்னார்வலர்கள் எழுதிய திருத்தங்களைச் சேர்த்து, மணிக்கணக்கில் காத்திருந்து கட்ட வேண்டும். கட்டுவதற்கு ஏற்கெனவே ஒரு ஜாவா வேண்டுமே? லினக்ஸுக்காகச் செய்த ஜாவா பைனரியை, ஃப்ரீபிஎஸ்டி-யில் லினக்ஸ்போல் நடிக்கும் ஓர் அடுக்கின்மேல் ஓட்டி, அதைக் கொண்டு தங்கள் ஜாவாவைக் கட்டினார்கள். பக்கத்து வீட்டு உறைமோர்!

அந்தப் பக்கத்து வீட்டு மோரைச் செய்தவர்களை இங்கே மறந்துவிடக் கூடாது. இந்தத் தொடரின் மூன்றாம் பகுதியில் நாம் சந்தித்த பிளாக்டவுன் குழு. ராண்டி சாப்மன் தொடங்கி, ஊதியமில்லாத தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து ஜாவாவை முதன்முதலில் லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். 1999 டிசம்பரில் சன்னும் இன்பிரைஸும் லினக்ஸுக்கான ஜாவா 2-ஐ அறிவித்தபோது அந்த அறிவிப்பில் அவர்கள் பெயரே இல்லை. பிறகு சன் மன்னிப்புக் கேட்டது என்பது உண்மை. ஆனாலும் அந்த வடு லினக்ஸ்காரர்கள் மனதில் நெடுநாள் இருந்தது. உறைமோர் விஷயத்தில் யாரையும் சார்ந்திருக்கக் கூடாது என்ற பிடிவாதத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

சரி, யார் வீட்டுக்கும் போகாமல் உறைமோரை எப்படி உண்டாக்குவது?

கிராமத்துப் பாட்டிகளுக்கு இதற்கு ஒரு வழி தெரியும். உறைமோர் கிடைக்காத நாளில் வெதுவெதுப்பான பாலில் பச்சைமிளகாயைக் காம்போடு போட்டு மூடிவைப்பார்கள். விடிந்தால் பால் உறைந்திருக்கும். முதல்நாள் தயிர் கொஞ்சம் நெகிழ்ந்துதான் இருக்கும், சுவையும் சுமார்தான். ஆனால் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலில் ஊற்றினால் கெட்டித்தயிர்.

ஓப்பன்ஜேடிகே-க்கு அந்த மிளகாய்க் காம்பு எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்?

✻

ஜிசிஜே-யில் இருந்தது.

வீணாகிவிட்டது என்று நாம் நினைத்த அதே ஜிசிஜே. ஜாவாவைப் படிக்கும் அதன் பழைய முன்பகுதி ஜாவாவில் எழுதப்படவில்லை. சி மொழியில் எழுதப்பட்டது. சி கம்பைலர் எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. அதாவது, ஜாவாவே இல்லாத கணினியில் ஜாவாவை முளைக்கவைக்கும் வித்து அவர்கள் கையில் இருந்தது. அதற்குத் துணையாகப் பத்தாண்டாகச் சேர்த்துவைத்த கிளாஸ்பாத் நூலகம். கூடவே, எக்லிப்ஸ் குழு எழுதிய, ஈசிஜே என்ற இன்னொரு திறமூலக் கம்பைலர்.

2007 ஜூன். ஓப்பன்ஜேடிகே வெளியாகி ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ரெட் ஹேட்டில் ஆண்ட்ரூ ஹேலியும் சக பொறியாளர்களும் ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். ஜாவா என்ற பெயர் அப்போது சன்னின் வணிக முத்திரை, அதைத் தொட முடியாது. சூடான காபியின் பெயரை வைக்க முடியாதவர்கள் குளிர்ந்த தேநீரின் பெயரை வைத்தார்கள். ஐஸ்டு டீ.

ஐஸ்டு டீ-யின் வேலை இரண்டு சுற்றாக நடக்கும். ஒரு கணினியை மனக்கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். சன்னின் பொருள் எதுவும் அதில் நிறுவப்படவில்லை. கட்டளையை அடித்ததும் முதல் சுற்று தொடங்குகிறது. ஜிசிஜே-யின்மேல் ஈசிஜே ஓடுகிறது. அது ஓப்பன்ஜேடிகே-யின் ஜாவாசியையும், அடுத்த சுற்றுக்கு வேண்டிய நூலகப் பகுதிகளையும் ஒவ்வொரு கோப்பாகக் கம்பைல் செய்கிறது. திரையில் வரிகள் மேலேறிக்கொண்டே இருக்கின்றன. எங்கேயாவது ஒரு வகுப்பு கிளாஸ்பாத்தில் கொஞ்சம் வேறுமாதிரி நடந்தால் எல்லாம் நின்றுவிடும். நின்ற இடத்தில் ஒரு திருத்தம், மறுபடி முதலிலிருந்து. இப்படிச் சேர்ந்த திருத்தங்கள் ஒரு கட்டு. கடைசியில் நொண்டிக்கொண்டே நடக்கும் ஒரு ஜேடிகே கிடைக்கிறது. மிளகாய்க் காம்பில் உறைந்த முதல்நாள் தயிர்.

அதை வைத்துக்கொண்டு இரண்டாவது சுற்று. எல்லாவற்றையும் மீண்டும் தொடக்கத்திலிருந்து கம்பைல் செய்கிறார்கள். இந்தமுறை செய்வது ஈசிஜே அல்ல, முதல் சுற்றில் பிறந்த ஜாவாசி. தன்னையே அது கட்டிக்கொள்கிறது.

இரண்டாவது சுற்றில் பிறந்த ஏதாவது ஒரு கிளாஸ் கோப்பைத் திறந்து முதல் நான்கு பைட்டுகளைப் பாருங்கள். 202, 254, 186, 190. பதினாறடிமான எண்களாக எழுதினால் ஆங்கில எழுத்தில் 'கஃபே பேப்' என்று படிக்க வரும். ஜாவா கிளாஸ் கோப்புகள் எல்லாவற்றின் நெற்றியிலும் இருக்கும் திலகம் அது. சன்னின் பூட்டிய ஜாவா உருவாக்கும் கோப்பிலும் அதே நான்கு எண்கள்தான். ஆனால் இந்தக் கோப்பைப் பெற்றெடுத்த வம்சத்தில், மேலே போய்க்கொண்டே இருந்தால், சன்னின் பைனரி ஒன்றுகூடத் தென்படாது. ஒரு சி கம்பைலரில் போய் முடியும்.

முதல் சுவரையும் அவர்கள் விடவில்லை. மூடியிருந்த நான்கு சதவீதத்தில் எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் கிளாஸ்பாத்தின் நிரலை எடுத்துப் பொருத்தினார்கள். மற்ற இடங்களுக்கு ஏற்கெனவே கட்டற்ற உலகத்தில் இருந்த நூலகங்கள் கைகொடுத்தன. எழுத்துருவுக்கு ஃப்ரீடைப், நிறத்துக்கு லிட்டில் சிஎம்எஸ், பின்னர் ஒலிக்குக் கெர்வில். சன்னின் பொறியாளர்களும் தங்கள் பக்கத்திலிருந்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தது என்று தயங்காமல் எழுதலாம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாட்ஸ்பாட்டின் உட்பகுதி இன்டெல் வகைச் சில்லுகளுக்கும் சன்னின் ஸ்பார்க் சில்லுகளுக்கும் மட்டுமே எழுதப்பட்டது. டெபியனோ அப்போது 11 வகைக் கணினிகளுக்கு வந்துகொண்டிருந்தது. சில்லுக்கென்று தனியாக எழுதும் அசெம்பிளி வரிகளைக் கிட்டத்தட்ட முழுதாக நீக்கி, எங்கும் ஓடும் ஒரு வடிவத்தை ரெட் ஹேட்டின் கேரி பென்சன் உருவாக்கினார். பெயர் 'சீரோ'. வேகம் குறைவு. ஆனால் பவர்பிசி கணினி வைத்திருந்தவர்களுக்கும் கதவு திறந்தது.

2007 நவம்பர் 8. ஃபெடோரா 8 வெளியானது. அதற்குள் ஐஸ்டு டீ. முனையத்தில் 'ஜாவா' என்று அடித்தால் பதில் வந்தது.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

✻

பதில் சொன்னது ஜாவாவா?

சட்டப்படி இல்லை. நடையும் பேச்சும் முகமும் ஜாவா மாதிரியே இருந்தாலும், சன்னின் இசைவுச் சோதனையில் தேறாத எதையும் ஜாவா என்று அழைக்க முடியாது. பல்லாயிரக்கணக்கான சோதனைகள் அதில் உண்டு. தேர்ச்சி மதிப்பெண் முப்பத்தைந்து அல்ல, நூற்றுக்கு நூறு. ஒன்று தவறினாலும் தோல்விதான். வினாத்தாளோ ரகசியம். எந்தக் கேள்வியில் தவறினோம் என்று வெளியே சொல்லக்கூட அனுமதி இல்லை. எல்லாவற்றையும் திறந்த வெளியில் செய்து பழகியவர்கள், பிழை இன்னதென்று சொல்லாமலேயே அதற்கான திருத்தத்தை மட்டும் ஊரறிய வெளியிட வேண்டும்.

இதைவிட விசித்திரமான தடை ஒன்று குறுக்கே நின்றது. சன் வெளியிட்ட ஓப்பன்ஜேடிகே, அடுத்த பதிப்பான ஜாவா 7-க்கான வளர்நிலை நிரல். ஜாவா 7-க்கு இறுதியான விதிநூலே அப்போது கிடையாது. அது வந்தது 2011 ஜூலையில். விதிநூல் இல்லாத வகுப்புக்கு வினாத்தாள் எங்கிருந்து வரும்? ஜாவா 6-க்கு வினாத்தாள் இருந்தது, ஆனால் திறந்த நிரல் இல்லை. ஜாவா 7-க்கு நிரல் இருந்தது, வினாத்தாள் இல்லை.

சன்னின் ஜோ டார்சி இதற்குக் கண்ட வழி, நான் அறிந்தவரை மென்பொருள் உலகில் யாரும் விரும்பி நடக்காத வழி. பின்னோக்கி நடப்பது. 7-இன் நிரலை எடுத்து, 6-இன் விதியில் இல்லாத புதுமைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, திறந்த ஜாவா 6 ஒன்றை உண்டாக்கினார். 2008 பிப்ரவரியில் ஓப்பன்ஜேடிகே 6 வெளியானது. மகனிடமிருந்து தகப்பனைச் செய்வது போன்ற வேலை.

இப்போது தேர்வுக்கு உட்காரலாம். ஆனால் ஹால் டிக்கெட் யாருக்கு?

ஓப்பன்ஜேடிகே-யிலிருந்து பெருமளவு கிளைத்த, ஜிபிஎல்-இல் வரும் நிரலுக்கு மட்டும்தான் அந்தச் சலுகையில் சோதனை கிடைக்கும் என்று 2007-இல் சன் விதி வகுத்திருந்தது. ரெட் ஹேட் அந்த நவம்பரிலேயே கையெழுத்திட்டுவிட்டது. ஐஸ்டு டீ-க்கு ஹால் டிக்கெட் உண்டு. ஆனால் உறைமோர் கொடுத்த கிளாஸ்பாத், ஒரு வரியும் பார்க்காமல் விரதம் காத்துத் தன் கையாலேயே எழுதியதாலேயே, ஓப்பன்ஜேடிகே-யிலிருந்து கிளைத்தது ஆகாது. தன் சொந்த நிரலோடு அந்தச் சலுகையில் அது ஒருநாளும் தேர்வு அறைக்குள் நுழைய முடியாது.

அதே வாசலில் இன்னொருவரும் நின்றுகொண்டிருந்தார். அவரை அவ்வளவு லேசில் திருப்பி அனுப்ப முடியாது. உலகின் வலைத்தளங்களில் பெரும்பாலானவற்றை அப்போது தாங்கிக்கொண்டிருந்த அப்பாச்சி. ஹார்மனி என்ற பெயரில் முழு ஜாவாவையும் தனியாக எழுதிவந்த அப்பாச்சி, சோதனைக்கான உரிமத்தைக் கேட்டது. எந்த வகைக் கருவியில் ஓட்டலாம், எதில் கூடாது என்ற நிபந்தனையோடு தருகிறோம் என்றது சன். 2007 ஏப்ரல் 10 அன்று, ஹார்மனியின் கெயிர் மாக்னசன், சன்னின் தலைவர் ஜோனதன் ஷ்வார்ட்சுக்கு உலகமே படிக்கும்படி ஒரு திறந்த கடிதம் எழுதினார்.

2008-இன் நடுப்பகுதி நெருங்குகிறது. ரெட் ஹேட்டின் கணினிகளில் ஃபெடோரா 9-க்கான ஜாவாமேல் சோதனைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று தோற்றாலும் போச்சு. வாசலுக்கு வெளியே அப்பாச்சி, கையில் அந்தத் திறந்த கடிதத்தின் நகலோடு.

உள்ளே இருந்தவர் தேறினாரா? வெளியே நின்றவர் எழுதிவைத்த அந்த நிரல், பின்னால் கோடிக்கணக்கானவர்களின் சட்டைப்பைக்குள் போய்ச் சேர்ந்தது எப்படி?

(அடுத்த வாரம் தொடரும்)